வண்டி குதிக்குதா? கிளிக் திருப்புறதா, ஹைட்ட ஏத்துறதா, ஸ்பிரிங்கையே மாத்துறதா

காயில்ஓவர் (ஹைட் மாத்தக்கூடிய ஸ்பிரிங், ஷாக் செட்டு) போட்ட வண்டி ரொம்ப குதிக்குதுன்னு யார்கிட்ட சொன்னாலும் மொதல்ல வர்ற பதில் ஒண்ணுதான், "ஷாக்ல இருக்க நாப்ப சாஃப்ட் பக்கம் நாலு கிளிக் திருப்பிப் பாரு". கேக்க நியாயமாத்தான் இருக்கும், வண்டி ஹார்டா இருக்கு அதான் குதிக்குது, சாஃப்ட் பண்ணா நின்னுடும்னு தோணும். ஆனா அந்த நாப் ஸ்பிரிங்க தொடுறதே இல்ல. ஸ்பிரிங் எவ்ளோ ஹார்டோ அவ்ளோ ஹார்டாவேதான் இருக்கும், நாப் கொறைக்கிறது அந்த ஸ்பிரிங்க அடக்கிப் பிடிக்கிற ஷாக்கோட பலத்த. பிடி தளர்ந்தா குதி கூடத்தான் செய்யும். இதனாலயே காசு கொட்டி கிட் போட்டுட்டு, எல்லா நாப்பையும் கடைசி சாஃப்ட்ல வச்சுக்கிட்டு, "இந்த பிராண்டே சரியில்ல"ன்னு வித்துட்டுப் போறவங்கள நெறைய பாக்குறேன், மனசு ஆறல, அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

உதாரணத்துக்கு ஃபோக்ஸ்வேகன் போலோவ எடுத்துக்கிறேன். 2022ல இந்தியால நிறுத்திட்டாலும் நம்ம ஊர்ல காயில்ஓவர் போடுறவங்க கையில இன்னும் நெறைய இருக்கு. முன்னாடி மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணா இருக்கும், பின்னாடி ட்விஸ்ட் பீம், அதாவது ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்கிற ஒரே பீம், அங்க ஸ்பிரிங் தனி ஷாக் தனி. ஸ்விஃப்ட், ஐ20 வச்சிருக்கவங்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

மொதல்ல குதிக்குதுன்னா என்னன்னு பிரிச்சுப் பாக்கணும், ஏன்னா எல்லாரும் மூணு வேற வேற விஷயத்த ஒரே வார்த்தைல சொல்றாங்க. ஒண்ணு, பாலம் ஏறுற இடத்துல மண்ணு இறங்கி ரோடு அலையா இருக்கும்ல, அதுல 90ல போறப்ப வண்டி மேல போயி கீழ வந்து திரும்ப மேல போயி அடங்காம மிதந்துட்டே வரும், பின் சீட்ல இருக்கவங்களுக்கு வயிறு பெரட்டும். இது மிதப்பு. ரெண்டாவது, காங்கிரீட் ரோட்டுல ஜாயின்ட் ஜாயின்ட்டா டக் டக் டக்னு அடிச்சுட்டே வர்றது. அந்த ஸ்லாப் பொதுவா 4.5 மீட்டருக்கு ஒரு ஜாயின்ட், 90ல போனா வினாடிக்கு அஞ்சு தடவைக்கு மேல அடி விழுது, இது பாடி மேல கீழ ஆடுறது இல்ல, நடுக்கம். மூணாவது, ஸ்பீடு பிரேக்கர் இறங்குறப்பவோ பள்ளத்துலயோ "டம்"னு ஒரு அடி வாங்கி வண்டிய மேல தூக்கிப் போடுறது. இது பெரும்பாலும் ஷாக் வேலையே இல்ல, ஷாக் ராடுல இருக்க பம்ப் ஸ்டாப் ரப்பர்ல மோதி எகிறுறது. மூணுக்கும் மூணு வைத்தியம், ஒண்ணுக்கு குடுக்கிறத இன்னொண்ணுக்கு குடுத்தா நோய் கூடும்.

கொஞ்சம் கணக்கு பாத்துடலாம், இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். முன் சக்கரம் ஒண்ணு மேல 300 கிலோ உக்காந்திருக்குன்னு வைங்க, கம்பெனி ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கிலோ கேக்குதுன்னு வைங்க. பாடி வினாடிக்கு சுமார் 1.3 தடவ ஆடும், அதாவது 1.3 ஹெர்ட்ஸ். சாதாரண கார் எல்லாம் 1லேர்ந்து 1.5 ஹெர்ட்ஸ்குள்ளதான் இருக்கும், மனுஷன் நடக்கிற தாளத்துக்குப் பக்கம், அதனால ஒடம்புக்கு ஒத்துக்கும். இப்ப 5 கிலோ ஸ்பிரிங் இருக்க காயில்ஓவர் போடுறீங்க, 2 ஹெர்ட்ஸ் ஆயிடும். ஸ்பிரிங் ரெண்டரை மடங்கு ஆனா அத அதே அளவுக்கு அடக்க ஷாக் சுமார் 1.6 மடங்கு பலமா இருந்தாகணும். அந்த நேரத்துல நீங்க நாப்ப சாஃப்ட்ல வச்சா என்ன ஆகும்? 2 ஹெர்ட்ஸ்ல அடங்காம ஆடுற வண்டி, அதவிட அசிங்கமான ரைடு கிடையாது. கம்பெனி ஷாக்க அப்படியே வச்சுட்டு லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போடுறவங்களுக்கும் இதே கதைதான், பழைய ஷாக்கால அந்த ஸ்பிரிங்க கட்டிப் பிடிக்க முடியாது.

உங்க வண்டில எது நடக்குதுன்னு கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன், காசே ஆகாது. ஃபைஃபாக்ஸ்னு ஒரு இலவச ஆப் இருக்கு, ஜெர்மனில ஆஹன் யுனிவர்சிட்டி ஆளுங்க பண்ணது, போன்ல இருக்க ஆக்சிலரோமீட்டர வச்சு கிராஃப் போட்டுக் குடுக்கும். போன முன் சீட்டுக்கு கீழ தரையில டேப் போட்டு ஒட்டிடுங்க, சீட்ல வைக்காதீங்க, சீட்டு ஃபோம் தனியா ஆடும். ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டுல ஒரு ஸ்பீடு பிரேக்கர மெதுவா ஏறி இறங்கி, அப்புறம் கிராஃப்ல அலை எப்படி அடங்குதுன்னு பாருங்க. ஒரு குதிக்கும் அடுத்த குதிக்கும் நடுவுல உயரம் பாதியா மட்டும் கொறைஞ்சா டேம்பிங், அதாவது ஷாக் ஆட்டத்த அடக்குற அளவு, ரொம்ப கம்மி, 0.1 பக்கத்துல இருக்கு. கால்வாசியா கொறைஞ்சா 0.2, பரவால்ல. ஏழுல ஒரு பங்கா விழுந்தா 0.3, நல்லா இருக்குன்னு அர்த்தம். குதியே இல்லாம உள்ள கூர்மையா ஒரு முள்ளு மட்டும் எகிறி நிக்குதா, அது பம்ப் ஸ்டாப் மோதல். பானெட்ட கையால அமுக்கி விட்டுப் பாக்குற டெஸ்ட் இருக்கே, செத்துப்போன ஷாக்க கண்டுபிடிக்க மட்டும்தான் அது ஆகும், செட்டிங்குக்கு ஒதவாது.

இதுக்கெல்லாம் முன்னாடி டயர் காத்து. டிரைவர் சைடு டோர் பில்லர்லயோ பெட்ரோல் மூடி உள்பக்கமோ ஸ்டிக்கர்ல போட்டிருக்க அளவ காலைல டயர் சூடாகுறதுக்கு முன்ன வைங்க. மைலேஜுக்காக 38, 40ன்னு ஏத்தி வச்சுட்டு சஸ்பென்ஷன குறை சொல்றதுல அர்த்தம் இல்ல, டயரும் ஒரு ஸ்பிரிங்தான், அதுக்கு ஷாக் கிடையாது. ஷாக்ல ஆயில் வழிஞ்சிருந்தா, டாப் மவுண்ட் ஆடுச்சுன்னா, லோயர் ஆர்ம் புஷ் கிழிஞ்சிருந்தா அத மாத்திட்டு வாங்க, அதுக்கு மேல பேசுவோம்.

சரி, இப்ப நாப். மொதல்ல உங்க நாப் எத திருப்புதுன்னு தெரியணும். கேடபிள்யூ வேரியன்ட் 1ல ஹைட் மட்டும்தான், வேரியன்ட் 2ல ஹைட்டோட ரீபவுண்ட் (ஷாக் நீளுறப்ப பிடிக்கிறது), வேரியன்ட் 3ல ரீபவுண்ட் தனி கம்ப்ரெஷன் (ஷாக் அமுங்குறப்ப பிடிக்கிறது) தனி. கோனி ஸ்போர்ட், அந்த மஞ்ச ஷாக், ரீபவுண்ட் மட்டும். பில்ஸ்டீன் பி14ல ஹைட் மட்டும், பி16ல பத்து ஸ்டெப், ரெண்டும் சேர்ந்து மாறும். பிசி ரேசிங் பிஆர்ல 30 கிளிக், டெய்ன் ஸ்ட்ரீட் அட்வான்ஸ்ல 16, இதுலயும் ஒரே நாப் ரெண்டையும் சேத்துதான் மாத்தும். கிளிக் எண்ணிக்கைய பாத்து வாங்காதீங்க, 30 கிளிக் இருக்கதால 16 கிளிக்க விட நல்லதுன்னு ஒண்ணும் இல்ல.

ரீபவுண்ட்னா அமுங்கின ஸ்பிரிங் திரும்ப நீளுறத அடக்குறது. மிதப்புக்கு மருந்து இதுதான். ரோடு கார்ல கம்ப்ரெஷன விட ரீபவுண்ட் ரெண்டு மடங்கு, சில சமயம் மூணு மடங்கு வரைக்கும் பலமா வச்சிருப்பாங்க, காரணம் மேடு ஏறுறப்ப சக்கரம் சட்டுனு மேல போக வழி விடணும், ஆனா ஸ்பிரிங் சேத்து வச்ச சக்திய பாடி மேல கொட்டாம பிடிச்சு நிறுத்தணும். அதனால ரீபவுண்ட் தனியா இருக்க கிட் உங்ககிட்ட இருந்து, பிரச்சனை மிதப்புன்னா, யோசிக்கவே வேணாம், ரீபவுண்ட ஏத்துங்க. ஆனா ஒரு எல்லை இருக்கு. ரொம்ப ஏத்தினா சக்கரம் கீழ வர்றதுக்குள்ள அடுத்த மேடு வந்துடும், வரிசையா அஞ்சாறு ரம்பிள் ஸ்ட்ரிப் இருக்கிற இடத்துல வண்டி ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமா கீழ உக்காந்துட்டே போயி கடைசில பம்ப் ஸ்டாப்ல நிக்கும், மொத ரெண்டு அடி சாஃப்டா இருக்கும் அடுத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கும். இந்த அறிகுறி தெரிஞ்சா ரெண்டு கிளிக் திரும்பி வாங்க.

திருப்புற முறை முக்கியம். ஹார்டு பக்கம் கடைசி வரைக்கும் மெதுவா திருப்பி, அங்கேர்ந்து சாஃப்ட் பக்கம் எண்ணுங்க, ஏன்னா முழு ஹார்டுல ஷாக்குக்கு உள்ள இருக்க வால்வு ஊசி அதோட சீட்ல உக்காரும், அந்த எடம் நிச்சயமானது. அழுத்தித் திருப்பினீங்கன்னா சீட் கெட்டுடும், தட்டுப்பட்ட ஒடனே நிறுத்துங்க. எடதும் வலதும் ஒரே கிளிக்ல இருக்கணும். முன்னாடி மட்டும் மாத்தி ஓட்டிப் பாருங்க, அப்புறம் பின்னாடி, ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது. தடவைக்கு மூணு நாலு கிளிக், ஒண்ணு ஒண்ணா போனா வித்தியாசமே தெரியாது, முழு ஹார்டுக்கு பக்கத்துல வர்றப்ப மட்டும் ஒவ்வொரு கிளிக்கும் பெருசா தெரியும், அங்க ஒண்ணு ஒண்ணா போங்க. கொஞ்ச நேரம் ஓட்டி ஷாக் ஆயில் சூடான அப்புறம்தான் முடிவு பண்ணணும்.

கம்ப்ரெஷன் நாப் தனியா இருக்கவங்க அத ஏத்தி குதிய நிறுத்தப் பாக்குறது எனக்கு புடிக்காத வழி. பிரேக் அடிச்சா மூக்கு குத்துறது, வளைவுல சட்டுனு சாயுறது, இதுக்கு வேணா கம்ப்ரெஷன் ஒதவும். நம்ம ரோட்டு பள்ளத்துக்கு அது சக்கரத்துக்கு வந்த அடிய நேரா பாடிக்கு அனுப்பும். மிதப்புல ஷாக் ராடு வினாடிக்கு 0.1, 0.2 மீட்டர் வேகத்துலதான் நகருது, பள்ளத்துல விழுந்தா அது பல மடங்கு வேகம். வெளிய இருக்க நாப் பெரும்பாலும் மெதுவான அசைவத்தான் அதிகமா மாத்தும், வேகமான அடி உள்ள இருக்க ஷிம்மோட (மெல்லிசான உலோகத் தட்டு) பொறுப்பு, அத ஷாக்க பிரிக்காம தொட முடியாது. அதனால "பள்ளத்துல அடிக்குது"ங்கிற புகாருக்கு நாப்ல பதில் தேடினா பாதி பதில்தான் கெடைக்கும்.

ஒரே நாப் இருக்கவங்க, அதாவது நம்ம ஊர்ல பெரும்பாலானவங்க, ஒரு சமரசத்துக்கு வந்தாகணும். ரீபவுண்டுக்காக ஏத்தினா கம்ப்ரெஷனும் கூடவே ஏறும், மிதப்பு கொறையும் டக் டக் கூடும். நடுவுல ஒரு எடம் கெடைக்கும், அந்த எடம் கிட்டே இல்லன்னா உங்க ஸ்பிரிங் உங்க ரோட்டுக்கு அதிகம்னு அர்த்தம். இது ரொம்ப முக்கியமான தகவல், நாப்ல முழு ரேஞ்சும் சுத்திப் பாத்துட்டு ஒரு எடமும் ஒத்து வரலன்னா தப்பு நாப்ல இல்ல.

அடுத்தது ஹைட். என் அனுபவத்துல குதிக்கிற காயில்ஓவர்ல பெரும்பாலும் வினையே இங்கதான், ஆனா யாரும் இங்க பாக்குறதில்ல, ஏன்னா எறக்கி வச்ச அழகு போயிடும். 60 மில்லிமீட்டர் எறக்குன போலோவுல மேல போக ராடு எவ்ளோ மிச்சம் இருக்கும்னு நெனைக்கிறீங்க? ஒரு சின்ன கேபிள் டைய ஷாக் ராடுல இறுக்கமா கட்டி, ராட மூடியிருக்க ரப்பர் உறைக்கு உள்ள கீழ தள்ளி விட்டுட்டு ரெண்டு நாள் வழக்கமா போற ரோட்டுல போயிட்டு வாங்க. கேபிள் டை பம்ப் ஸ்டாப்ப தொட்டு அதுக்கும் மேல நசுங்கிப் போயிருந்தா வண்டி தினமும் ரப்பர்லதான் ஓடிட்டிருக்கு. நாப் எத்தன கிளிக்ல இருந்தாலும் அந்த "டம்" போகாது. இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி கட்டின ஸ்பீடு பிரேக்கரே 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஒசரம், 25 கிலோமீட்டர் வேகத்துல ஏறத்தான் கணக்கு பண்ணது. ஊருக்குள்ள பாதி எடத்துல அந்த அகலம் கூட இல்லாம செங்குத்தா கட்டி வச்சிருக்காங்க. இதுல எறக்குன வண்டிக்கு ராடு நீளம்தான் உயிர்.

ஏத்துற விதத்துலயும் ரெண்டு இருக்கு. அடி பிராக்கெட் தனியா சுத்துற டைப்னா பிராக்கெட்ட சுத்தி ஹைட் ஏத்தலாம், ராடு டிராவல் மாறாது, அதனால பம்ப் ஸ்டாப்புக்கு எடமும் கூடாது. ஸ்பிரிங் தட்டு மட்டும் சுத்துற டைப்னா தட்ட மேல ஏத்துனா வண்டி ஏறும், பம்ப் ஸ்டாப்புக்கு எடம் கெடைக்கும், ஆனா அதே அளவு கீழ எறங்குற டிராவல் போயிடும். 5 கிலோ ஸ்பிரிங் 300 கிலோவுக்கு 60 மில்லிமீட்டர்தான் அமுங்குது, 20 மில்லிமீட்டர் பிரீலோட் போட்டா, அதாவது ஸ்பிரிங்க முன்கூட்டியே அமுக்கி வச்சா, கீழ 40தான் மிச்சம், மேடு தாண்டுறப்ப சக்கரம் தொங்கி ஷாக் மேல "டங்"னு இழுக்கும். பிரீலோட் போட்டா ஸ்பிரிங் ஹார்டு ஆகும்னு சில கடைல சொல்வாங்க, நேர் ஸ்பிரிங்ல அது உண்மை இல்ல, ஒரு மில்லிமீட்டருக்கு 5 கிலோன்னா பிரீலோட் போட்டாலும் 5 கிலோதான். ஹைட் மாத்தினா அலைன்மென்ட் கண்டிப்பா செக் பண்ணுங்க, டோ (சக்கரம் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்க கோணம்) மாறியிருக்கும், டயர் உள்பக்கமா தின்னும்.

ஸ்பிரிங் மாத்துறது நாலாவது வழி, ஒழைப்பு கூட, ஆனா பல பேருக்கு உண்மையான தீர்வு இதுதான். நெறைய கிட்ல ஸ்பிரிங் ஸ்டாண்டர்டு உள்விட்டத்துல வரும், அதே விட்டம், அதே நீளத்துல ஒரு கிலோ ரெண்டு கிலோ கொறைச்சு வாங்கிப் போடலாம். 5லேர்ந்து 3.5க்கு வந்தா 2 ஹெர்ட்ஸ் சுமார் 1.7 ஆகும், அதே ஷாக் இப்ப அந்த ஸ்பிரிங்க நல்லா பிடிக்கும், நாப்ப கொஞ்சம் சாஃப்ட் பக்கம் கூட எடுத்துட்டு வரலாம், டக் டக்கும் கொறையும் மிதப்பும் கொறையும். ரெண்டும் சேந்து கொறையுறது இந்த வழில மட்டும்தான். ஆனா சாஃப்ட் ஸ்பிரிங் அதிகமா அமுங்கும், அதனால ஹைட்ட திரும்ப செட் பண்ணணும், எறக்கி வைக்கிற ஆசைய விடணும். எறக்கியும் வைக்கணும் சாஃப்ட்டாவும் இருக்கணும்னா நடக்காது, ராடுக்கு போக எடம் வேணும்.

முன் பின் பொருத்தமும் இங்கதான் வருது. ரோல்ஸ் ராய்ஸ்லேர்ந்து காடிலாக்குக்குப் போன மாரிஸ் ஆலிங்கிற இஞ்சினியர் 1930கள்லயே சோதிச்சுப் பாத்து சொன்னது இது, பின் சஸ்பென்ஷன் ஆடுற வேகம் முன்ன விட கொஞ்சம் கூட இருந்தா ரைடு தட்டையா இருக்கும்னு. முன் சக்கரம் மேட்ட மொதல்ல ஏறுது, போலோவோட வீல்பேஸ் சுமார் 2.47 மீட்டர், 60ல போறப்ப பின் சக்கரம் 0.15 வினாடி கழிச்சு ஏறுது, பின்னாடி கொஞ்சம் வேகமா ஆடுனாத்தான் ரெண்டும் சேந்துக்கும், இல்லன்னா மூக்கு மேல வால் கீழன்னு மாறி மாறி ஆடிட்டே இருக்கும். முன்னாடி மட்டும் ரொம்ப ஹார்டு ஸ்பிரிங் வச்ச கிட்ல இந்த தலையாட்டல் வரும். ஆனா ஒரு எச்சரிக்க, டப்பால போட்டிருக்க முன் நம்பரையும் பின் நம்பரையும் நேரா ஒப்பிடாதீங்க, ட்விஸ்ட் பீம்ல ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேரா இல்லாம லீவர் கணக்குல வேலை செய்யுது, பாரமும் பின்னாடி கம்மி. போன பின் சீட்டுக்கு கீழயும் ஒட்டி கிராஃப் எடுத்து ரெண்டு தாளத்தையும் ஒப்பிடுங்க, அது பொய் சொல்லாது.

அஞ்சாவது, எல்லாத்தையும் கழட்டிட்டு கம்பெனி ஸ்பிரிங்கோட நல்ல ஷாக் போட்டுக்கிறது. இதச் சொன்னா பலருக்கு தோத்துட்ட மாதிரி இருக்கு, எனக்கு அப்படித் தெரியல. அப்பா அம்மாவ பின்னாடி உக்கார வச்சு மாசம் ஒரு தடவ ஊருக்குப் போறவங்களுக்கு, தெனம் ஆபீஸ் போயிட்டு வர்றவங்களுக்கு, நாப் இல்லாத தரமான ஷாக் மலிவான 30 கிளிக் கிட்ட விட ஒசத்தி. பில்ஸ்டீன் பி6 மாதிரி மோனோடியூப் ஷாக் கம்பெனி ஸ்பிரிங்குக்குன்னே வால்வு செட் பண்ணி வருது, நீங்க திருப்ப வேண்டியது எதுவும் இல்ல. அட்ஜஸ்ட்மென்ட் வேணும், எறக்க வேணாம்னா கோனி ஸ்போர்ட் மாதிரி ரீபவுண்ட் மட்டும் மாத்துற ஷாக்க கம்பெனி ஸ்பிரிங்கோட போடலாம், ஷாக் தேயத் தேய கொஞ்சம் ஏத்திக்கலாம்ங்கிறது கூடுதல் வசதி. ஆனா அதோட பின் ஷாக்க சில மாடல்ல கழட்டி அமுக்கித்தான் திருப்ப முடியும், வாங்குறதுக்கு முன்ன கேட்டுக்குங்க.

இதுல எத எடுக்கிறதுன்னு கேட்டா, மொதல்ல கேபிள் டை, அடுத்தது ஹைட், அதுக்கப்புறம்தான் நாப், இந்த வரிசைய மாத்த மாட்டேன். எறக்கி வச்ச வண்டி, டம் டம்னு அடிக்குதுன்னா ஸ்பிரிங் தட்டுல 15, 20 மில்லிமீட்டர் ஏத்துங்க, அதுலயே நெறைய பேருக்கு வேலை முடிஞ்சிடும். டிராவல் இருக்கு ஆனா மிதக்குதுன்னா ஹார்டு பக்கம் போங்க, பயப்படாதீங்க. மிதப்பும் இல்ல மோதலும் இல்ல, நடுக்கம் மட்டும்தான்னா சாஃப்ட் பக்கம் போங்க, இந்த ஒரு நெலமைலதான் அந்த "நாலு கிளிக் சாஃப்ட்" யோசனை சரி. நாப்ல எங்கயும் பிடிபடலன்னா ஸ்பிரிங். கோயம்புத்தூர் காரி மோட்டார் ஸ்பீட்வேலயோ இருங்காட்டுக்கோட்டை டிராக்லயோ ஓட்டுறவர் குடுத்த கிளிக் நம்பர அப்படியே எடுத்து வைக்காதீங்க, அவர் ரோட்டுல பள்ளம் இல்ல, வண்டில அஞ்சு பேர் இல்ல, அவருக்கு வேண்டியது டயர் பிடி, உங்களுக்கு வேண்டியது வேற.

ஆள் ஏத்துறவங்களுக்கு பின் நாப் பத்தி இன்னும் ஒண்ணு. தனியா போறப்ப பின் சக்கரம் ஒண்ணுக்கு 180 கிலோன்னு வைங்க, மூணு பேரும் பெட்டியும் ஏறினா 280 கிட்ட வரும். ஷாக் அதே கிளிக்ல இருந்தா டேம்பிங் சுமார் 20 சதவீதம் கொறையும், பின்னாடி மட்டும் மிதக்க ஆரம்பிக்கும். அதனால ரெண்டு நம்பர் கண்டுபிடிச்சு எழுதி வச்சுக்குங்க, தனியா போறப்ப ஒண்ணு, குடும்பத்தோட போறப்ப மூணு நாலு கிளிக் ஹார்டா இன்னொண்ணு. பின் நாப் சில கிட்ல ஷாக் அடில இருக்கும், சக்கரத்துக்கு பின்னால கைய விட்டே திருப்பிடலாம், ஜாக்கி கூட தேவப்படாது. மேல டிரிம்முக்கு உள்ள இருக்க மாதிரி கிட்டுன்னா எக்ஸ்டென்ஷன் கேபிள் தனியா கெடைக்கும், அத டிக்கி வரைக்கும் இழுத்து வச்சுட்டா பெட்டிய ஏத்துறப்பவே கிளிக்கையும் மாத்திட்டுக் கிளம்பலாம்.